முதல் ஆட்டத்தில் உதை! கடைசி ஆட்டத்தில் தங்கம்!

எந்தக் கோஷ்டி ஜெயிக்கும்? நிபுணர்களின் கணக்குப் பொய்த்த கதை

பழனி மலையில் பாச்சலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒட்டன்சத்திரத்தில் பஸ் ஏறினால், வளைந்து வளைந்து மேலே போகவேண்டும். காப்பித் தோட்டமும், மரத்தில் ஏறிய மிளகுக் கொடியும், மலை வாழையும் நிறைந்த ஊர்.

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நெருங்கிவிட்டால், அந்த மலை ஊரிலும் டீக்கடை பெஞ்சில் இதே பேச்சுதான்.

"இந்தத் தடவை பிரேசில்தான் அண்ணே!"

"போடா தம்பி! அர்ஜென்டினாவை அடிக்க ஆள் ஏது?"

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் காப்பித் தோட்டத்துப் பெரியவர் சிரித்துக்கொள்வார். அவருக்கு இந்த மாதிரி கணக்குகள் புதிதல்ல.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் மலையில் ஒரு மழை பெய்யும். எட்டுப் பத்து நாளில் காப்பிச் செடி முழுவதும் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். மல்லிகைபோல் மணக்கும். "இந்த வருஷம் எத்தனை மூட்டை தேறும்?" என்று அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆனால், பூத்த பிறகு இன்னொரு மழை வேண்டும். அது வராவிட்டால் பூ இருக்கும், காய் இருக்காது!

கால்பந்துக் கணக்கும் ஏறக்குறைய இதுதான்.

கணக்குப் போடுவது எப்படி?

ஒரு பெரிய போட்டி வருவதற்கு முன்னால், "இன்ன கோஷ்டி ஜெயிக்கும்" என்று பத்திரிகைகள் எழுதும். எதை வைத்து எழுதுகிறார்கள்?

முதலாவது, பழைய ஆட்டங்கள். யார் யாரை எத்தனை கோலில் தோற்கடித்தார்கள் என்று பார்ப்பார்கள். இரண்டாவது, பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள். மூன்றாவது, யார் எந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்பது. 1992ஆம் ஆண்டிலிருந்து உலகக் கால்பந்துச் சங்கமே நாடுகளை வரிசைப்படுத்தி, முதல் இடம், இரண்டாம் இடம் என்று பட்டியல் போட்டுத் தருகிறது.

இவ்வளவும் பார்த்துச் சொன்ன ஜோசியம் பலித்ததா? பல தடவை பலித்திருக்கிறது. பொய்த்தபோது, ஒரு நாடே அழுதிருக்கிறது!

1950ஆம் ஆண்டு பிரேசிலில் உலகக் கோப்பை. கடைசி ஆட்டம் பிரேசிலுக்கும் உருகுவேக்கும். சமமாக முடிந்தால்கூட பிரேசிலுக்குக் கோப்பை. அன்று காலையே ஒரு பத்திரிகை பிரேசில் வீரர்களின் படத்தைப் போட்டு, "இவர்கள்தான் உலக வீரர்கள்" என்று அச்சடித்துவிட்டது. சுமார் 2 லட்சம் பேர் மைதானத்தில் கூடினார்கள்.

உருகுவே 2, பிரேசில் 1!

மைதானம் மயானம்போல் அடங்கிப்போனது.

(அந்த 1950 போட்டியில் ஆட இந்தியாவுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் போகவில்லை. "வெறுங்காலோடு ஆட அனுமதி கிடைக்காததால்தான்" என்று இன்றும் சொல்கிறார்கள். உண்மையில், அப்போது நம்மவர்களுக்கு ஒலிம்பிக் பந்தயம்தான் பெரிதாகத் தெரிந்தது. பயணமோ வெகு தூரம். போயிருக்கலாம்!)

1954ல் இன்னொரு அதிசயம். நான்கு வருஷமாகத் தோல்வியே அறியாத கோஷ்டி ஹங்கேரி. இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 6-3 என்று உதைத்த கோஷ்டி. உலகக் கோப்பையின் ஆரம்பத்தில் மேற்கு ஜெர்மனியை 8-3 என்று நொறுக்கியது. அதே இரண்டு கோஷ்டிகளும் இறுதிப் பந்தயத்தில் மறுபடி மோதின. சந்தேகம் என்ன இருக்கிறது?

ஆனால் இரண்டு விஷயங்களைப் பலர் கவனிக்கவில்லை. 8 கோல் வாங்கிய அன்று, ஜெர்மனி தன் நல்ல ஆட்டக்காரர்கள் பலரை உட்கார வைத்திருந்தது. அதே ஆட்டத்தில், ஹங்கேரியின் தலைவர் புஸ்காஸின் கணுக்காலில் பலத்த அடி விழுந்தது. அந்தக் காலோடுதான் அவர் இறுதிப் பந்தயத்தில் ஆடினார். எட்டே நிமிஷத்தில் ஹங்கேரி இரண்டு கோல் போட்டது. ஆனாலும் ஜெர்மனி 3-2 என்று ஜெயித்துவிட்டது!

8-3 என்ற கணக்கு பொய்யல்ல. அதைப் படித்தவர்கள்தான் தவறாகப் படித்தார்கள்.

இந்தியாவின் ஜாதகம்

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. நம் நாட்டிலேயே இதைவிடப் பெரிய கதை ஒன்று நடந்திருக்கிறது. 1962ஆம் ஆண்டு. இந்தோனேசியாவின் தலைநகரான ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி.

கால்பந்துக்கு எட்டு நாடுகள் வந்தன. அந்த நேரத்தில் ஒருவர் இந்தியாவின் ஜாதகத்தைக் கணித்திருந்தால், எப்படி இருந்திருக்கும்?

நல்ல பக்கம்: 1951ல் டெல்லியில் நடந்த முதல் ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம். 1956ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில், ஆஸ்திரேலியாவை அதன் சொந்த நாட்டிலேயே 4-2 என்று ஜெயித்தது. நெவில் டிசோசா ஒருவரே மூன்று கோல் போட்டார். அந்த ஒலிம்பிக்கில் நாலாவது இடம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சோடு 1-1 என்று சமம்.

கெட்ட பக்கம்: 1954 ஆசியப் போட்டியில் ஆரம்பத்திலேயே அவுட். 1958ல் டோக்கியோவில், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 4-1 என்று உதை. எதிரே நிற்பதோ தென் கொரியா. 1956, 1960 இரண்டு வருஷமும் ஆசியக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போன நாடு. அதே கொரியா இந்தியாவின் பிரிவிலேயே இருந்தது!

இந்தக் கணக்கில் கொரியாவுக்குத்தான் தங்கம் என்று எழுதத் தோன்றும். முதல் ஆட்டமும் அப்படித்தான் நடந்தது. கொரியா 2, இந்தியா பூஜ்யம்!

அன்றிரவு இந்தியாவுக்குத் தங்கம் என்று யாராவது சொல்லியிருந்தால், ஊரே சிரித்திருக்கும்.

வாத்தியார் ரகீம்

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். அவர் சையத் அப்துல் ரகீம். ஐதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். 1950லிருந்து இந்தியக் கோஷ்டிக்குப் பயிற்சி கொடுத்து வந்தவர். எந்தப் பையன் எந்த இடத்தில் ஆடுவான், எந்த இடத்துக்கு மாற்றினால் தாங்குவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். பிரிவுக்கு நாலு கோஷ்டி. அதில் முதல் இரண்டு இடம் பிடித்தால் அரை இறுதிக்குப் போகலாம். ஆகவே ஓர் ஆட்டம் தோற்றதால் எல்லாம் போய்விடவில்லை. கணக்குப் போடுகிறவர்கள் அடிக்கடி மறந்துபோகிற சங்கதி இது. தோற்ற கோஷ்டிக்கு அடுத்த ஆட்டம் உண்டா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்த ஆட்டம் தாய்லாந்தோடு. 4-1 என்று ஜெயம். ஆனால், ஜெயித்த அன்றே இடி விழுந்தது. பின்வரிசையில் மலைபோல் நிற்கும் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த அடி. தையல் போட்டார்கள்.

அவர் இல்லாமலே ஜப்பானை 2-0 என்று இந்தியா தோற்கடித்தது. பி.கே. பானர்ஜியும் துளசிதாஸ் பலராமும் ஆளுக்கு ஒரு கோல்.

அரை இறுதியில் தென் வியட்னாம். ரகீம் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். தலையில் கட்டோடு இருந்த ஜர்னைல் சிங்கைப் பின்வரிசையில் போடவில்லை. கோல் போடும் முன்வரிசையில் நிறுத்தினார்!

கோல் தடுப்பவரைக் கோல் போட அனுப்புவதா? சமையற்காரரை மாப்பிள்ளையாக உட்கார வைத்ததுபோல் இருந்தது. ஆனால் ஜர்னைல் சிங் கோல் போட்டார். தலைவர் சூனி கோஸ்வாமி இரண்டு கோல் போட்டார். 3-2 என்று ஜெயம். இறுதிப் பந்தயம். எதிரே மறுபடியும் அதே கொரியா!

தமிழ் முகங்கள்

அந்தக் கோஷ்டியில் நம்மவர்கள் இருந்தார்கள் என்பது இன்று பலருக்குத் தெரியாது.

முன்வரிசையில் ஆடிய பலராம், செகந்திராபாத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அருமைநாயகம், எத்திராஜ் ஆகியோரும் கோஷ்டியில் இருந்தார்கள். எல்லோருக்கும் மேலே, கோல் காவலர் பீட்டர் தங்கராஜ். நல்ல உயரம். நீண்ட கை. ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரியில் வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமென்ட் கோஷ்டிக்காக ஆடியவர். அந்த மலைக் கோஷ்டி 1955லும் 1958லும் டெல்லியில் டூரண்ட் கோப்பையையே ஜெயித்தது.

ஜகார்த்தாவில் தங்கராஜுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. இளைஞர் பிரத்யுத் பர்மன் கோல் காத்தார். நன்றாகவே காத்தார். ஆனாலும், இறுதிப் பந்தயத்துக்குக் காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜையே ரகீம் நிறுத்தினார். கொரியர்கள் பந்தை உயரத் தூக்கி அடிப்பார்கள். அதற்கு உயரமான ஆள் வேண்டும்.

தலையில் கட்டுப் போட்ட ஒருவர். காய்ச்சலிலிருந்து எழுந்த ஒருவர். இந்தக் கோஷ்டிக்கு எந்த ஜோசியர் தங்கம் சொல்வார்?

லட்சம் பேர் எதிரே!

இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. அந்தப் போட்டிக்கு இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்கவில்லை. அது தவறு என்று சோந்தி என்ற இந்திய அதிகாரி எதிர்த்தார். ஜகார்த்தா மக்களுக்குக் கோபம் வந்துவிட்டது. செப்டம்பர் 3ந் தேதி இந்தியத் தூதரகத்தையே கும்பல் தாக்கியது.

மறுநாள் இறுதிப் பந்தயம். வெளியே தெரியாமல் பஸ்ஸில் குனிந்து உட்கார்ந்து மைதானத்துக்குப் போனதாக வீரர்கள் பின்னாளில் சொன்னார்கள். மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். இந்தியா பந்தைத் தொட்டாலே கூச்சல்! நமக்காகக் கை தட்டியவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்! இதையும் நம் வீரர்கள் கடைசி வரை மறக்காமல் சொல்லிவந்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. 17வது நிமிஷம் பானர்ஜி ஒரு கோல். 20வது நிமிஷம் தலையில் கட்டோடு ஜர்னைல் சிங் ஒரு கோல்! கூச்சல் அடங்கிவிட்டது. பிறகு கொரியா அலைமேல் அலையாக வந்து மோதியது. தங்கராஜ் காத்தார். கடைசி நேரத்தில் கொரியா ஒரே ஒரு கோல்தான் போட முடிந்தது.

இந்தியா 2, கொரியா 1. தங்கம்!

எதைப் பார்க்கத் தவறினார்கள்?

இப்போது பார்த்தால், தடயங்கள் அன்றே இருந்தன என்று தோன்றுகிறது. பானர்ஜி, கோஸ்வாமி, பலராம் மூவரும் ரோம் ஒலிம்பிக்கிலேயே சேர்ந்து ஆடியவர்கள். 1954, 1958 இரண்டு தடவையும் தங்கம் வாங்கிய தைவான் இந்தத் தடவை வரவே இல்லை. பயிற்சியாளர் பன்னிரண்டு வருஷமாக ஒரே ஆள்.

ஆனால், அடிபட்ட தடுப்பு வீரர் கோல் போடுவார் என்பதை எந்தப் பட்டியலில் எழுதுவது? "யாருக்கு அடிபட்டால் யார் ஆடுவார்?" என்ற கேள்விக்கு எந்தக் கோஷ்டியிடம் பதில் இருக்கிறதோ, அதற்கு இரண்டு மார்க் கூடப் போடலாம். நிபுணர்கள் இப்போதெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களையும் எண்ணிப் பார்க்கிறார்கள். 2026ஆம் ஆண்டிலிருந்து உலகக் கோப்பைக்கு 32க்குப் பதில் 48 கோஷ்டிகள் என்று ஆக்கிவிட்டதால், கோப்பையைத் தூக்குகிறவர் எட்டு ஆட்டம் ஆடவேண்டும். பெஞ்சின் மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

முதல் ஆட்டத்தில் தோற்றுக் கோப்பையைத் தூக்கியது இந்தியா மட்டுமல்ல. 2010ல் ஸ்பெயின் முதலில் சுவிட்சர்லாந்திடம் தோற்றது, கோப்பை ஸ்பெயினுக்கு. 2022ல் 36 ஆட்டமாகத் தோற்காமல் வந்த அர்ஜென்டினாவை, சவூதி அரேபியா 2-1 என்று உதைத்தது. உலகமே வாயைப் பிளந்தது. கோப்பை அர்ஜென்டினாவுக்கு!

அந்த 2010ல் சரியாகச் சொன்னது யார் தெரியுமா? ஜெர்மனியில் ஒரு தொட்டியில் வளர்ந்த ஆக்டோபஸ்! நம் ஊர்க் கிளி ஜோசியத்தில் கிளி சீட்டு எடுக்கும். அங்கே இரண்டு நாட்டுக் கொடி ஒட்டிய பெட்டிகளில் சிப்பியை வைத்தார்கள். ஆக்டோபஸ் எந்தப் பெட்டியில் சாப்பிடுகிறதோ, அந்த நாடு ஜெயிக்கும். எட்டுக்கு எட்டும் பலித்தது! நிபுணர்கள் தலையைச் சொறிந்தார்கள்.

தங்கத்தைக் கொண்டுவந்த ரகீம் வாத்தியார், நுரையீரல் புற்றுநோயால் 1963 ஜூன் 11ந் தேதி காலமானார். அவர் கதை 2024ல் "மைதான்" என்ற இந்திப் படமாக வந்தது. தங்கராஜ் 2008ல் மறைந்தார். 2020ல் பானர்ஜியும் கோஸ்வாமியும் ஒன்றரை மாத இடைவெளிக்குள் அடுத்தடுத்துப் போனார்கள். பலராம் 2023 பிப்ரவரியில் போனார். 1962க்குப் பிறகு, ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்திய ஆண்கள் கோஷ்டிக்கு 1970ல் ஒரு வெண்கலம் கிடைத்தது. உலகக் கோப்பையில் இந்தியா இதுவரை ஆடியதே இல்லை. அதனால்தான் பாச்சலூர்ப் பையன்கள் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் சண்டை போடுகிறார்கள்.

டீக்கடையில் பந்தயம் என்றால் ஒரு கிளாஸ் காப்பிதான். தோற்றவர் வாங்கித் தரவேண்டும். பிரேசிலுக்கு மூன்று பேர். அர்ஜென்டினாவுக்கு ஐந்து பேர். பிரான்சுக்கு இரண்டு பேர்.

"நீங்க யாருக்குத் தாத்தா?"

காப்பித் தோட்டத்துப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார்.

"முதல் ஆட்டம் முடியட்டும்ப்பா. பெரிய கோஷ்டியில எவன் தோத்தான்னு பார்த்துட்டுச் சொல்றேன்."