சாக்கை இறக்கி வைத்த நேரம்

கார்த்திகை, மார்கழி வந்தால் எங்கள் மலையூரான மாரமங்கலத்தில் காப்பிப் பழம் பறிப்பு. ஐம்பது கிலோ சாக்கை முதுகில் ஏற்றிக்கொண்டு அப்பா மேடேறுவார். ஒரு வளைவு தாண்டியதும் இடுப்பு உயரப் பாறையில் சாக்கைச் சாய்த்துவிட்டு, நிதானமாக வெற்றிலைக்குக் காம்பு கிள்ளுவார். சமவெளியில் இதற்கென்றே சுமைதாங்கிக் கல் நட்டார்கள்; எங்களுக்கு அந்தப் பாறை. "போலாம்ப்பா" என்றால், "இருடா கண்ணு, மூச்சு எறங்கட்டும்" என்பார். எனக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது.

இருபத்தெட்டு வயதில் சேலத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். மாஸ்டர் கையில் ஸ்டாப்வாட்ச். "முப்பது செகண்ட்தான், ஒடம்பு ஆறிட்டா வேஸ்ட்டு!" ஸ்குவாட் மூன்றாவது செட்டில் கண் இருட்டி, குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தேன். அங்கே குனிந்து நின்றபோதுதான் அந்தப் பாறை ஞாபகம் வந்தது.

தசை சுருங்க வேண்டிய சக்தியைத் தருவது ஏடிபி என்ற மூலக்கூறு. செல்லில் அதன் கையிருப்பு சில விநாடிக்கே காணும். தீரத்தீர உடனுக்குடன் ஈடுகட்டுவது கிரியேட்டின் பாஸ்பேட். கனமான ஒரு செட்டில் அதுவும் பெருமளவு காலி. எடையை இறக்கியபின் ஏறக்குறைய அரை நிமிடத்தில் பாதி திரும்பிவிடும், மீதிதான் இழுக்கும். முழுக்க நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம். நிரப்புகிற வேலை மைட்டோகாண்ட்ரியாவுடையது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். செட் முடிந்து சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மேல்மூச்சு வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓய்வைக் குறைத்தால் வளர்ச்சி ஹார்மோன் ஏறும், தசை பெருக்கும் என்று ஜிம்களில் வெகுநாள் பேச்சு. ஹார்மோன் ஏறுவது உண்மை. தசைதான் அந்தக் கணக்குக்கு வரவில்லை. 2016இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 16 இளைஞர்களைக் கால் பயிற்சி செய்ய வைத்து, தொடையிலிருந்து துளித் தசை எடுத்துப் பார்த்தார்கள். முதல் நான்கு மணி நேரத்தில், செட்டுக்குச் செட்டு ஒரு நிமிடம் ஓய்ந்தவர்களிடம் தசைப் புரத உற்பத்தி 76 சதவீதம் கூடியிருந்தது. ஐந்து நிமிடம் ஓய்ந்தவர்களிடம் 152. புரதம் கட்டச் சொல்லும் சமிக்ஞையே முதல் கூட்டத்தில் மங்கியிருந்தது. அதற்காகக் கைக்குச் செய்யும் சின்னப் பயிற்சிக்கெல்லாம் ஐந்து நிமிடம் போனைத் தடவ வேண்டியதில்லை. ஒன்றரை நிமிடம் தாராளம்.

வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் பளுதூக்கும் போட்டியில், இரண்டு வகைத் தூக்கில் 144, 173 என்று மொத்தம் 317 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியவர். பளுதூக்குதலின் விதியிலேயே ஓய்வுக்கு ஒரு சலுகை உண்டு: பெயர் கூப்பிட்டதும் ஒரு நிமிடத்தில் தூக்கியாக வேண்டும், ஆனால் ஒருவரே அடுத்தடுத்துத் தூக்க நேர்ந்தால் இரண்டு நிமிடம்.

இப்போது ஊரில் காப்பி காயப்போடும் களத்தில்தான் என் பார்பெல். அப்பா திண்ணையில் மிளகு உதிர்த்துக்கொண்டிருப்பார். போனில் மூன்று நிமிடம் வைத்திருக்கிறேன். மணி அடித்ததும் நிமிர்ந்து பார்க்கிறார்.

"அதுக்குள்ளயாடா?"