பாறைக்குள் மின்னோட்டத்தின் வழி

மணற்கல்லின் மணிகள் பெரும்பாலும் குவார்ட்சால் ஆனவை. குவார்ட்சு மின்கடத்தாப் பொருள். ஆயினும் நிலத்தடி மணற்கல் மின்னைக் கடத்துகிறது. மணிகளுக்கிடையே நிறைந்துள்ள உவர்நீரில் அயனிகள் நகர்வதே காரணம். நீர் விலகி எண்ணெய் புகுந்தால் தடை பன்மடங்கு உயரும். 1927 செப்டம்பர் 5ஆம் நாள், பிரான்சின் பெஷெல்பிரான் எண்ணெய் வயலில் ஷ்லம்பெர்ஜர் உடன்பிறந்தாரின் குழு கிணற்றுக்குள் மின்முனைகளை இறக்கித் தடையை அளந்தது. பாறை அடுக்குகளைக் கிணற்றுக்குள்ளிருந்தே தடைகொண்டு பிரித்தறியும் கலை அன்று பிறந்தது.

எண்ணெய் எவ்வளவு என்று சொல்லக் கணக்கு வேண்டுமே! அதை 1942இல் தந்தவர் ஷெல் நிறுவனப் பொறியாளர் கஸ் ஆர்ச்சி. உவர்நீர் நிறைந்த பாறையின் தடைமை அந்நீரின் தடைமையைப்போல் எத்தனை மடங்கு? துளைகளின் பங்கைத் தலைகீழாக்கி, ஓர் அடுக்குக்கு உயர்த்தினால் விடை கிடைக்கும். இறுகிய மணற்கல்லுக்கு அவ்வடுக்கு ஏறத்தாழ 2. ஐந்தில் ஒரு பங்கு துளையெனில் 25 மடங்கு. பத்தில் ஒரு பங்கெனில் 100 மடங்கு. துளைவெளியில் நீரின் பங்குக்கும் இத்தகைய கணக்கே: பாதியை எண்ணெய் கவர்ந்துகொண்டால் தடைமை மேலும் நான்கு மடங்காகும்.

இவ்வடுக்கை ஆர்ச்சி எக்கோட்பாட்டிலிருந்தும் வருவிக்கவில்லை. பாறை மாதிரிகளை அளந்தே கண்டார். தளர்மணலுக்கு அது 1.3 அளவில் நின்றது. 1981இல் சென், ஸ்காலா, கோகன் மூவரும், நீரில் உருண்டைமணிகளைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதாகக் கொண்டு கணக்கிட்டு 1.5 என்னும் மதிப்பை அடைந்தனர். அழகிய முடிவுதான், ஆனால் உண்மைப் பாறை உருண்டைகளின் குவியல் அன்று. மணிகளைப் பிணைக்கும் படிவு துளைகளின் கழுத்தை நெரிக்கிறது. சுண்ணாம்புப் பாறையிலோ, மடை அடைபட்ட குளம்போல, பெருங்குழிகள் தனித்துக் கிடக்கும். அங்கே அடுக்கு 3ஐ எட்டுவதுண்டு. நேரான வெடிப்புகளில் 1ஐ நெருங்கும். பத்தில் ஒரு பங்கு துளையே இரண்டிலும் இருப்பினும், முன்னதில் 1000 மடங்கு, பின்னதில் 10 மடங்கு! துளைவெளி எத்துணை என்பதினும் அது எங்ஙனம் இணைந்துள்ளது என்பதே மின்னோட்டத்துக்கு முதன்மையானது. அடுக்கென்னும் ஒற்றை எண்ணுக்குள் அவ்விணைப்பு முழுவதையும் அடக்கியது ஆர்ச்சியின் துணிவு. அவ்விதியின் வலுவும் குறையும் அதுவே.

களிமண் கலந்தால் விதி தடுமாறும். களிமண் பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது; அதைச் சூழ்ந்த நேர்அயனிகளும் மின்னைக் கடத்தும். அதனால் எண்ணெய் உள்ள பாறையும் நீர் நிறைந்த பாறையெனத் தோன்றலாம். 1968இல் வாக்ஸ்மன், ஸ்மிட்ஸ் இருவரும் இதற்கென ஒரு திருத்தம் தந்தனர்.

இன்று ஊடுகதிர்ப் படங்களால் துளைகளை முப்பரிமாணத்தில் கண்டு, மின்னோட்டத்தைக் கணினியில் கணக்கிடுகின்றனர். நுண்ணிய துளைகளைத் தெளிவாகக் காண மாதிரியைச் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சிறிதாக்க வேண்டும். கிணற்றுக் கருவியோ பல இடங்களில் மீட்டர் அளவுப் பாறையின் தடையைச் சேர்த்தே அளக்கிறது.