போர்க்களம் காணப் புறப்படுவோம்

வீரன் வீழ்ந்த இடத்திற் கல் நட்டு வழிபட்டவர் பண்டைத் தமிழர். அம்முறையினைத் தொல்காப்பியம் புறத்திணையியலுள் வகுத்துரைக்கின்றது. அதனைப் பாடஞ்சொல்லும் நாம், மலைநாட்டைச் சூழ்ந்துள்ள போர்க்களங்களுள் ஒன்றையேனும் மாணவர்க்குக் காட்டியதுண்டா? அட்டனிலும் நுவரெலியாவிலும் பயிலும் நம் பிள்ளைகள் பலர், இலங்கையின் பழம்போர்கள் பிறருடைய கதையென்றே எண்ணி வளர்கின்றனர். அவ்வெண்ணத்தை மாற்ற இருநாட் பயணம் ஒன்று போதும்.

முதல் நாள் அட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனையை அடைக. பூங்காவிற்கு எதிரே, மகாவலியின் மறுபுறத்தே உள்ளது கன்னொறுவை. 1638 மார்ச் 28இல், கண்டியை எரித்து மீண்டுகொண்டிருந்த போர்த்துக்கேயப் படையை இரண்டாம் இராசசிங்கன் இங்கே மறித்து அழித்தான். மாணவர் முதலில் மலையையும் ஆற்றையும் நோக்கட்டும். பெரும்படை ஏன் சிக்கியது என்பதை நிலமே கற்பிக்கும்.

அடுத்து, கண்டியை அடுத்த வட்டபுளுவை. இங்கே சற்று நெடிது தங்குதல் வேண்டும். 1803இல் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றி, நாயக்கர் குடியினனாகிய முத்துச்சாமியை அரசனாக்கினர். நோயால் நலிந்த அவர்தம் படை, யூன் 24இல் பணிந்து நகரைவிட்டு வெளியேறியது. மகாவலி பெருக்கெடுத்திருந்தது; கடக்க ஓடமில்லை. முத்துச்சாமியைக் கையளித்தால் வழிவிடுவதாகக் கண்டியர் கூறினர். முதலில் மறுத்த மேஜர் டேவி பின்னர் இசைந்தார். முத்துச்சாமி கொல்லப்பட்டான். ஆயினும் ஆறு கடக்க வழி கிடைக்கவில்லை. ஆங்கிலப் படையினருட் பெரும்பாலோரும் கொல்லப்பட்டனர். அடைக்கலமாய் வந்தவனைக் கைவிட்டது அறமா, படையைக் காக்க வேறு வழி இருந்ததா என மாணவர் அக்கரையிலேயே வழக்காடட்டும். வகுப்பறையில் எழாத வினாக்கள் அங்கே எழும்.

மாலையில் கண்டி அரண்மனையின் மகுல் மடுவ மண்டபத்தைக் காண்க. 1815 மார்ச் 2இல் கண்டி நாட்டை ஆங்கிலேயர்க்கு அளித்த உடன்படிக்கை அங்கேதான் நிறைவேறியது. அதற்கு முன்னரே, பெப்ரவரி 18இல், மெதமகாநுவரைப் பகுதியிற் பிடிபட்டான் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். வேலூருக்கு அனுப்பப்பட்ட அவன் 1832இல் அங்கேயே மாண்டான். அவன் சமாதி பாலாற்றங்கரையில் உள்ளது.

இரண்டாம் நாள் மாத்தளைக்கு உரியது. துப்பாக்கிக்கும் நாய்க்கும் விதித்த வரிகளாலும் வீதி வரியாலும் வெகுண்ட மக்கள், 1848இல் இங்கே கிளர்ந்தெழுந்தனர். தலைவருள் ஒருவனான புரன் அப்பு, ஓகஸ்ட் 8இல் கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டான்.

இதே மாத்தளை வழியாகவே நம் முன்னோர் மன்னாரிலிருந்து கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்து வந்தனர். பசியாலும் காலராவாலும் வழியில் வீழ்ந்தோர் பலர்; அவர்க்கு நடுகல் இல்லை. படையால் வென்ற மலைநிலம் கோப்பித் தோட்டமாயிற்று. கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டமாயிற்று. நம் லயன் வீடுகள் அந்நிலத்தின்மீதே நிற்கின்றன. அங்ஙனமாயின் கண்டிப் போர்கள் நமக்கு எங்ஙனம் அயலாகும்?

தென்னாப்பிரிக்காவின் நேத்தாலையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். 1879 சனவரி 22இல் இசாண்டில்வானாவில் சூலு வீரர் ஆங்கிலப் படையை முறியடித்தனர்; அவ்வாண்டிலேயே தம் அரசையும் இழந்தனர். இன்று அக்களத்தில் ஆங்கிலேயர் புதையுண்ட இடங்களில் வெண்கற் குவியல்கள் உள்ளன. சூலு வீரர்க்குக் கழுத்தணி வடிவில் நினைவுச்சின்னம் உள்ளது. வழிகாட்டிகள் இருதிறத்தார் கதையையும் உரைக்கின்றனர். 1860 முதல் அந்நேத்தாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவருள்ளும் தமிழர் பலர்.

பயணத்திற்குச் சில நெறிகள் உரைப்போம். வடகிழக்கு மழையும் தென்மேற்கு மழையும் மிகாத காலத்தைத் தேர்க. ஒவ்வொரு களத்திற்கும் ஒரு மாணவன் முன்னரே படித்து, அங்கே பத்து நிமிடம் உரையாற்றுக. சிங்கள ஆசிரியர் ஒருவரை உடனழைத்துச் செல்க. அவர் சொல்லும் கதையும் நாம் சொல்லும் கதையும் எங்கே வேறுபடுகின்றன என்பதை மாணவர் கேட்டறியட்டும். கொலையைக் கொண்டாடும் பேச்சுக்கு இடந்தரற்க.

பயணத்தின் முடிவில், மாத்தளை வீதியோரத்தில் ஒருகணம் நின்று, கல்லில்லாது மாண்டோரை நினைக. அதன்பின் வீடு திரும்பும் மாணவன், தன் பாட்டனார் எவ்வழி நடந்து வந்தார் என்று பெற்றோரை வினவுவானாயின், பயணம் பயன்தந்தது எனலாம்.