குதிரை தரையில் புரண்டால்...

மதுரைக்கும் குதிரைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட திருவாதவூரார் கதையும், நரியைப் பரியாக்கிய திருவிளையாடலும் நமக்குத் தெரியாததா? சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்குவதும் தங்கக் குதிரையின் மீதுதான்.

ஆனால் பாண்டியர் வாங்கிய அசல் குதிரைகளின் கதி என்ன? 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். வருஷந்தோறும் ஆயிரக் கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்து இறங்குமாம். வருஷ முடிவில் நூறு கூடத் தேறாதாம்! சோறும் இறைச்சியும் சேர்த்துச் சமைத்துத் தீனி போட்டார்களாம். பக்குவம் தெரிந்தவர் எவரும் இல்லை. குதிரை வைத்தியர்களை இந்தப் பக்கம் வரவொட்டாமல் வியாபாரிகள் பார்த்துக் கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்!

இன்று வைத்தியருக்குப் பஞ்சமில்லை. ஆனால் மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஒரு கிராமத்தில், நடு இரவில் குதிரை தரையில் புரண்டால், டாக்டர் வந்து சேரும் வரையில் அதன் உயிர் உங்கள் கையில்தான்.

குதிரைக்கு முதல் எமன் வயிற்றுவலி. மனிதனைப் போலக் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை வாயில் அத்தனை இறுக்கம். தின்றது கெட்டாலும், குடலில் மணலோ வாயுவோ சேர்ந்தாலும் மேலே வர வழியில்லை. முன்னங்காலால் தரையைப் பிறாண்டும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், வியர்க்கும், படுத்து எழுந்து புரளும், சாணம் போடாது.

உடனே தீனியை அப்புறப்படுத்துங்கள். புரண்டு அடிபடாமல் இருக்க மெதுவாக நடத்துங்கள். களைப்படையும்படி ஓட்ட வேண்டாம். அமைதியாகப் படுத்திருந்தால் அப்படியே விட்டு விடுங்கள். வலி தாங்காமல் துள்ளும் குதிரையின் அருகே போய் நீங்கள் அடிபடாதீர்கள்.

"நல்லெண்ணெயை மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டு" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள்! எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டால் பிறகு பிழைப்பது அரிது. டாக்டரே மூக்கு வழியாக இரைப்பை வரை குழாய் விட்டுத்தான் மருந்து செலுத்துவார். ஊசியும் அவர் சொல்லாமல் கூடாது.

தமிழ்நாட்டில் கால்நடை அவசர உதவிக்கு எண் 1962. கட்டணம் இல்லை. பேசும்போது வெறுமே "குதிரைக்கு முடியவில்லை" என்றால் போதாது. எப்போது தொடங்கியது, கடைசியாக என்ன தின்றது, சாணம் போட்டதா என்று சொல்லுங்கள். கீழ்த்தாடையின் ஓரத்தில் விரல் வைத்தால் நாடி தட்டுப்படும். சும்மா இருக்கும் குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை துடிப்பது இயல்பு. 60-ஐத் தாண்டினால் ஆபத்து. ஈறு வெளிர் சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஊருக்கு வரும் வழியும் அடையாளமும் அவசியம்.

மதுரை தல்லாகுளத்தில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. அறுவைச் சிகிச்சை வேண்டுமென்று டாக்டர் கருதினால் நெல்லை ராமையன்பட்டிக்கோ, 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போகச் சொல்லலாம். நெல்லைக்கே 150 கிலோமீட்டருக்கு மேல். குதிரையை ஏற்றும் வண்டி யாரிடம் கிடைக்கும் என்பதை அப்போதா விசாரிப்பது?

இன்னும் இரண்டு விஷயம். குளம்பில் ஆணி ஏறினால் காயம் சிறிதென்று அலட்சியம் வேண்டாம். ரணஜன்னி குதிரையை வெகு சுலபத்தில் பிடிக்கும், தடுப்பூசிதான் காவல். சித்திரை வெயிலில் ஊர்வலம் போன குதிரை மூச்சிரைத்துத் தள்ளாடினால் நிழலில் நிறுத்தி, உடம்பெங்கும் குளிர்ந்த நீரை விடாமல் ஊற்றுங்கள்; குடிக்கவும் கொடுங்கள்.

உங்கள் வீட்டில் குதிரை உண்டா? இன்றைக்கே ஒரு கரித்துண்டை எடுங்கள். லாயத்துச் சுவரில் 1962 என்றும், அதன் கீழே உள்ளூர் டாக்டரின் எண்ணையும் பெரிதாக எழுதி வையுங்கள். பாண்டிய மன்னருக்குக் கிடைக்காத வசதி அது!