சுவருக்குள் ஓடும் சத்தம்: திருத்த வேலை நடக்கும் கட்டடத்தில் குடியிருத்தல்

குடியிருக்கும் கட்டடத்திலேயே நடக்கும் திருத்த வேலையின் சத்தம், வீதிச் சத்தத்திலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. வீதிச் சத்தம் காற்றில் வருகிறது. யன்னலைச் சாத்தினால் குறைகிறது. மேல்மாடியில் பழைய தரையை உடைக்கும் பிறேக்கரின் சத்தமோ தூணிலும் தளத்திலும் ஓடி, கீழ்மாடியின் எல்லாச் சுவர்களிலிருந்தும் ஒரே நேரத்தில் எழுகிறது. எந்த அறைக்குப் போனாலும் அது கூடவே வருகிறது.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் இந்தச் சிக்கல் அதிகம் உணரப்படுவதற்கு ஊரின் அமைப்பே காரணம். உட்துறைமுகத்துக்கும் கிழக்கே திறந்த கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் நகரம் நெருங்கி வளர்ந்திருக்கிறது. உட்துறைமுக வீதி, டொக்யார்ட் வீதி, பிரதான வீதி ஆகியவற்றை ஒட்டி, கீழே கடையும் மேலே வாடகைக் குடியிருப்புமாக இரண்டு மூன்று மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்வதால் உடைத்துக் கட்டும் வேலைகளுக்கு வறண்ட மாதங்களே வசதி. கச்சான் காற்று அனலாக வீசி, யன்னலைச் சாத்த முடியாத மாதங்களும் அவையே.

சத்தம் வரும் இரு வழிகள்

ஒலி கட்டடத்துக்குள் இரண்டு வழிகளில் பரவுகிறது. முதலாவது காற்றுவழி ஒலி. பேச்சு, வானொலி, முற்றத்தில் ஓடும் கிறைண்டர் ஆகியவை காற்றை அதிரச் செய்கின்றன. அந்த அதிர்வு சுவரில் மோதி, அதன் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. சுவரின் எடை கூடக் கூடத் தடுப்பும் கூடும். எடை இரட்டிப்பானால் தடுப்பு ஏறத்தாழ 6 டெசிபல் அதிகரிக்கும் என்பது ஒலியியலின் பழைய விதி. ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலத்துத் தடித்த சுண்ணாம்புச் சுவர்களுக்குள் இருந்த அமைதி, இன்றைய ஒடுங்கிய சீமெந்துக் கல் சுவர்களுக்குள் இல்லாததற்கு இதுவே காரணம்.

இரண்டாவது கட்டமைப்புவழி ஒலி. சுத்தியலோ பிறேக்கரோ தளத்தை நேரடியாக அடிக்கும்போது, அதிர்வு காற்றை நாடாமல் கொங்கிறீற்றுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீற்றர் செல்கிறது. கொங்கிறீற்றில் அதைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு வேகத்தில் ஓடுகிறது. கொங்கிறீற்று அதிர்வை அதிகம் விழுங்குவதுமில்லை. தளம், உத்திரம், தூண் எல்லாம் ஒன்றாக வார்க்கப்பட்டிருப்பதால், ஒரு மூலையில் விழுந்த அடி மறு மூலைவரை போய்ச் சேர்கிறது. வீணையின் தந்தி தனியே எழுப்பும் நாதம் மெலிது. குடம் சேர்ந்து அதிரும்போதுதான் கூடம் நிறைகிறது. பிறேக்கரின் முனை தந்தி என்றால், முழுக் கட்டடமும் அதன் குடம். எந்த வீட்டில் வேலை நடக்கிறது என்று காதால் கண்டுபிடிக்கச் சிரமப்படுவதும் இதனால்தான்.

இந்த வேறுபாடு நடைமுறையில் மிக முக்கியமானது. காற்றுவழி ஒலியைக் கேட்பவர் தன் பக்கத்தில் ஓரளவு தடுக்கலாம். கட்டமைப்புவழி ஒலியைக் கேட்பவர் பக்கத்தில் தடுப்பது ஏறக்குறைய இயலாது. அதைக் குறைக்கும் சக்தி வேலை செய்விப்பவரின் கையிலேயே இருக்கிறது.

டெசிபல் கணக்கு

டெசிபல் அளவை சாதாரணக் கூட்டல் கணக்குக்கு அடங்காது. ஒலியின் ஆற்றல் இரட்டித்தால் அளவு 3 டெசிபல் மட்டுமே ஏறும்; 10 டெசிபல் ஏறினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு உரப்பாகக் கேட்கும். அருகில் நடக்கும் உரையாடல் சுமார் 60 டெசிபல். கொங்கிறீற்று உடைக்கும் கைப்பிறேக்கரும் கல் வெட்டும் கிறைண்டரும் பிடித்திருப்பவரின் காதருகே 100 டெசிபலை எட்டக்கூடியவை.

இந்தக் கணக்கிலிருந்து பயனுள்ள ஓர் உண்மை கிடைக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு இயந்திரங்கள் ஒன்றாக ஓடினால் சத்தம் இரு மடங்காகக் கேட்பதில்லை. 3 டெசிபல் கூடுகிறது, அவ்வளவே. ஆனால் உடைக்கும் வேலை பாதி நேரத்தில் முடிந்துவிடும். காலையில் ஒரு பிறேக்கர், மாலையில் ஒரு பிறேக்கர் என்று நாளைச் சிதைப்பதைவிட, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டி மிச்ச நாளை அமைதியாக விடுவது குடியிருப்பவர்களுக்கு எவ்வளவோ மேல்.

சத்தத்தின் தன்மையும் கணக்கில் சேர வேண்டும். இடைவிடாத இரைச்சலைவிட, அடி அடியாக விழும் சத்தம் அதே அளவில் இருந்தாலும் கூடுதலாக எரிச்சலூட்டும். சுற்றுப்புற இரைச்சலை மதிப்பிடும் சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ 1996, சுத்தியலடி, காற்றழுத்தச் சம்மட்டி போன்றவற்றுக்கு அளந்த மதிப்போடு 12 டெசிபல் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது.

காதுக்கும் மனதுக்கும் நேர்வது

காது கேட்கும் திறனுக்கான ஆபத்து முதலில் வேலையாட்களுக்கே. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் நாளுக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபலை எல்லையாக வைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி நேரம், 94க்கு 1 மணி நேரம், 100க்கு 15 நிமிடம். காதுக் காப்பு இல்லாமல் நாள் முழுவதும் கிறைண்டர் பிடிக்கும் இளைஞர் இந்த எல்லையைத் தேநீர் நேரத்துக்கு முன்பே தாண்டிவிடுகிறார். இழந்த கேள்திறன் திரும்பி வராது. மேசனுக்கும் உதவியாளருக்கும் காதுக் காப்பு வாங்கிக் கொடுப்பது வேலை கொடுப்பவரின் கடமை.

கீழ்மாடியில் இருப்பவருக்கு நேரும் பாதிப்பு வேறு வகையானது: தூக்கக் கலைவு, கவனச் சிதறல், திடுக்கிடல், ஓயாத எரிச்சல். உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டல், படுக்கையறைக்கு 30 டெசிபலும் வகுப்பறைக்கு 35 டெசிபலும் தகும் என்கிறது. துறைமுக ஊரில் எல்லோரும் இரவில் தூங்குவதில்லை என்பதை இங்கு நினைக்க வேண்டும். இரவு முழுவதும் கடலில் இருந்த மீனவர், இரவுக் கடமை முடித்த தாதி, துறைமுகத்தில் இரவு வேலை பார்த்தவர் ஆகியோருக்குக் காலை பத்து மணியே நடுச்சாமம். கைக்குழந்தைகள், நோயாளிகள், பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் ஆகியோரும் இவர்களோடு சேர்க்கப்பட வேண்டியவர்கள்.

படிப்பின் மீதான பாதிப்புக்கு வலுவான சான்று நியூயோர்க்கில் கிடைத்தது. மேம்பாலத் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு பாடசாலையில் ஆர்லீன் ப்ரொன்சாஃப்ட் நடத்திய ஆய்வு 1975இல் வெளியானது. தண்டவாளத்தைப் பார்த்த வகுப்பறைகளின் பிள்ளைகள் வாசிப்பில் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்தனர். தண்டவாளத்துக்கு அதிர்வு தாங்கிகளும் வகுப்பறைகளுக்கு ஒலி உறிஞ்சும் கூரையும் போட்ட பின் அந்த இடைவெளி மறைந்தது.

மனம் எதை அதிகம் தாங்குகிறது என்பதையும் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற உளவியலாளர்கள் தம் பரிசோதனைகளை 1972இல் நூலாக வெளியிட்டனர். எப்போது வரும் என்று தெரியாத சத்தத்தைக் கேட்டவர்கள், சத்தம் நின்ற பிறகும் கடினமான புதிர்களை விரைவில் கைவிட்டார்கள். பிழை திருத்தும் வேலையில் அதிகம் தவறினார்கள். அதே அளவு சத்தம் ஒழுங்கான இடைவெளியில் வந்தபோது பாதிப்பு குறைந்தது. சத்தத்தை நிறுத்த ஒரு பொத்தான் கொடுக்கப்பட்டவர்கள், அதை அழுத்தாமலே நன்றாகச் சமாளித்தார்கள். நேரம் முன்கூட்டியே தெரிவதும் தன் சொல்லுக்கு மதிப்பிருப்பதும், பாதிப்பைக் கணிசமாகக் குறைக்கின்றன.

மூலத்திலேயே குறைப்பது

மிகப் பெரிய பலன் வேலைமுறையை மாற்றுவதில் இருக்கிறது. பழைய மாபிள் தரை உறுதியாக ஒட்டியிருந்து, உயரமும் சுமையும் இடங்கொடுத்தால், அதை உடைக்காமல் மேலேயே பசை போட்டுப் புதிதைப் பதிக்கலாம். சுவரில் துளையிடச் சம்மட்டி அடிக்கும் றில்லுக்குப் பதில் வைரமுனை கொண்ட சுழல் துளைப்பான் பயன்படுத்தினால் கட்டடத்துக்குள் பாயும் அதிர்வு பெரிதும் குறையும். சாதாரண மட்பாண்ட டைல்களைக் கீறி முறிக்கும் கைக்கருவியால் வெட்டினால் கிறைண்டரின் அலறல் அடியோடு இல்லை. மின்கம்பிக்காகச் சுவரைக் கொத்துவதற்குப் பதில் சுவரின் மேலேயே குழாய் ஓட்டலாம்.

வெட்டும் வேலையைத் தளத்தில் செய்யாமல் நிலத்துக்கு இறக்கினால், கட்டமைப்புவழி ஒலி காற்றுவழி ஒலியாக மாறிவிடுகிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். காற்றின் திசையும் உதவும்: காற்று போகும் பக்கத்தில் ஒலி நிலத்தை நோக்கி வளைந்து தூரம்வரை கேட்கிறது, எதிர்ப்பக்கத்தில் மேல்நோக்கி வளைந்து மங்குகிறது. தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில், வெட்டும் இடத்தைக் காணியின் வடகிழக்கு ஓரத்தில் வைத்தால் கட்டடத்துக்கு வரும் சத்தம் குறையும். வடகிழக்கே அயல்வீடு ஒட்டியிருந்தால் அவர்களையும் கேட்டே இடத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். தண்ணீர் விட்டு வெட்டுவது நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்காத் தூசியையும் அடக்கும்.

அறையிலும் காதிலும் செய்யக்கூடியது

காற்றுவழி ஒலிக்கு இடைவெளிகளே எதிரி. 50 டெசிபல் தடுக்கும் சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், முழுச் சுவரின் தடுப்பும் சுமார் 20 டெசிபலாக விழுந்துவிடும். கதவின் அடியிடுக்கை ரப்பர் பட்டியால் அடைப்பதும், சத்தம் வரும் பக்கத்து யன்னலை மட்டும் வேலை நேரத்தில் சாத்தி, எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைப்பதும் அதிகச் செலவில்லாத வழிகள்.

சுவரில் ஒட்டும் முட்டைத் தட்டுகளும் மெல்லிய பஞ்சுத் தகடுகளும் வெளிச் சத்தத்தைத் தடுப்பதில்லை. அவற்றுக்கு எடை இல்லை. தடித்த திரைச்சீலை, மெத்தை, பாய், புத்தக அலுமாரி போன்றவை அறைக்குள் எதிரொலியை உறிஞ்சி, கடுமையைச் சிறிது தணிக்கும். மின்விசிறியின் ஓசை தூரத்துச் சத்தத்தை மறைக்கும், பிறேக்கரை மறைக்காது.

நுரை காதடைப்பானைச் சரியாக இடுவது ஒரு பழக்கம். அதை மெல்லிய திரியாக உருட்டி, காதுமடலை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, விரிந்து நிறையும்வரை சுமார் அரை நிமிடம் விரலால் பிடிக்க வேண்டும். தவறாகச் செருகினால் உறையில் அச்சிட்ட பயனில் பாதிகூடக் கிடைக்காது. கைக்குழந்தைகளுக்கு இதை இடக்கூடாது, விழுங்கிவிடும் ஆபத்து உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 1996 மே மாதத்தில் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. மாநகர, நகர சபை எல்லைக்குள் பொதுவான வரம்பு பகலில் 63 டெசிபல், இரவில் 50. கட்டட வேலைக்குத் தனி வரம்பு உண்டு: காலை 6 மணி முதல் இரவு 9 மணிவரை 75, அதன் பின் 50.

இந்த வரம்புகள் சத்தம் எழும் காணியின் எல்லையில் அளக்கப்படுகின்றன. அயல்வீட்டுக்காரருக்கு அது பாதுகாப்பு. அதே கட்டடத்தின் கீழ்மாடியில் வாடகைக்கு இருப்பவரோ எல்லைக்கு உள்ளே இருக்கிறார். தூண் வழியே வரும் அதிர்வை எல்லையில் வைத்த கருவி காட்டாது. அவருக்கு வாடகைச் சட்டமே துணை. இலங்கையில் வழங்கும் ரோம-டச்சுச் சட்ட மரபில், வாடகைக்கு விட்டவர் குடியிருப்பவரின் இடையூறற்ற பயன்பாட்டைக் காக்கக் கடமைப்பட்டவர். அவசியமான திருத்தத்தை நியாயமான காலம்வரை குடியிருப்பவர் பொறுக்க வேண்டும்; வீடு பயன்படாத அளவுக்குப் போனால் வாடகைக் குறைப்புக் கேட்க இடமுண்டு.

பேச்சு பலிக்காதபோது, நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இச்சபைகள் அயலவர் பிணக்குகளைச் செலவின்றிப் பேசித் தீர்க்க உதவுகின்றன. வரம்புமீறிய சத்தம் பற்றி மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் பொலிஸ் நிலையத்திலும் முறையிடலாம். பொதுத் தொல்லையாக மாறினால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் கட்டளையிட முடியும். எதற்கும் நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கருவி ஆகியவற்றை எழுதிய குறிப்பேடு வேண்டும். கைத்தொலைபேசிச் செயலியின் அளவு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். துல்லியமான சான்றாக நிற்காது.

ஒரு தாள் அறிவித்தல்

பௌதிகமும் உளவியலும் சட்டமும் சேர்ந்து காட்டும் முடிவு ஒன்றே. கட்டமைப்புவழிச் சத்தத்தைக் கேட்பவரால் தடுக்க முடியாது. செய்பவரால் குறைக்கவும் நேரம் ஒதுக்கவும் முடியும். ஆகவே வேலை தொடங்க ஒரு வாரத்துக்கு முன் படிக்கட்டடியில் ஒரு தாள் ஒட்டப்பட வேண்டும். எந்த நாட்களில் உடைப்பு, எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை, எப்போது முடியும், யாரிடம் பேசலாம் என்ற நான்கு விவரங்கள் அதில் போதும். பகலில் தூங்குபவர், நோயாளி, பரீட்சை எழுதுபவர் யாரும் கட்டடத்தில் உண்டா என்று கேட்டபின் அந்த நேரங்கள் முடிவாக வேண்டும். வீட்டு உரிமையாளருக்கு இதனால் ஆகும் செலவு ஒரு தாள் மட்டுமே. வாடகைக்கு வீடு எடுப்பவர்களும் இந்த ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதிக் கேட்க வேண்டும்.