ஓநாய் முதலிய மிருகங்களால் மனிதருக்கு நேரும் அபாயம்

ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் பொழுது சாயுமுன்னரே இளங்குட்டிகளைக் குடாப்பினுள் அடைத்து, பெரிய ஆடுகளின் நடுவே வைத்துவிடுவது வழக்கம். ஓநாயும் நரியும் அந்தி மயங்கும் வேளையில் வரும் என்பதும், பெரிய ஆட்டை விட்டுக் குட்டியையே நாடும் என்பதும் அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தவை. ஓநாய் மனிதரிடம் வருங்காலத்தும் இவ்விரு குணங்களையும் மாற்றிக்கொள்வதில்லை. ஓநாயென்றாலே நடுங்குவோரும் உண்டு. அது ஒருபோதும் மனிதரைத் தொடாது என்று சாதிப்போரும் உண்டு. அது யாரை, எவ்வேளையில், எவ்விடத்தில் எடுக்கிறது என்பதை இருசாராருமே கவனிப்பதில்லை. அதனைக் கவனித்தால், அபாயம் எவ்வளவு என்பதும், அதைத் தடுக்கும் வழி யார் கையில் இருக்கிறது என்பதும் ஒருங்கே விளங்கும்.

முதலாவதாக, மிருகத்தை இன்னதென்று அறிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஓநாய் இப்பொழுது மிக அருகிவிட்டது. ஆகவே இங்கே ஓநாய் என்று சொல்லப்படுவது பலவேளை நரியாகவோ தெருநாயாகவோ இருக்கக் கூடும். மலையோரங்களில் கூட்டமாய் மானை வேட்டையாடும் செந்நாய் வேறு ஜாதி. மனிதரைக் கொன்றதாக அதன்மேல் நம்பத்தக்க சாட்சியம் இல்லையென்றே சொல்லலாம். இந்திய ஓநாய் வறண்ட புல்வெளியிலும் புதர்க்காட்டிலும் மேய்ச்சற் புறம்போக்கிலும் வாழ்வது. தேசம் முழுவதிலும் சுமார் 3,000 மாத்திரமே எஞ்சியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். வளர்ந்த ஓநாயின் எடை 20 கிலோவை ஒட்டியே இருக்கும். அவ்வளவு எடையுள்ள மிருகம் தனியே ஒரு பெரிய மனிதனை வீழ்த்தத் துணிவதில்லை; சிறு குழந்தையைக் கவ்விக்கொண்டு ஓட அதற்கு வலிமை போதும்.

வடநாட்டில் இவ்வபாயம் பழையது. அக்காலத்து வடமேற்கு மாகாணங்களிலும் அயோத்தியிலும் 1876-ஆம் ஆண்டில் ஓநாய்களால் 721 பேர் மாண்டதாகச் சர்க்கார் கணக்கில் பதிவாயிற்று. அதற்குப் பதிலாக 2,825 ஓநாய்கள் கொல்லப்பட்டன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1878-இல், அதே பிரதேசத்தில் மாண்டவர் தொகை 624. இத்தனை ஓநாய்களைக் கொன்றும் மாண்டவர் கணக்கு நூற்றுக்குச் சற்றேறக்குறைய பதின்மூன்று தான் குறைந்தது. குழந்தை எடுக்கும் வழக்கம் எல்லா ஓநாய்க்கும் உரியதன்று. ஏதோ ஓர் ஓநாய் அல்லது ஒரு கூட்டம் அதனைக் கற்றுக்கொள்கிறது. அதனை விட்டுக் கண்டவற்றையெல்லாம் கொல்வதால், கற்றுக்கொண்டது அகப்படும் என்பதற்கு யாதோர் உறுதியும் இல்லை.

இதனை 1996-ஆம் ஆண்டு நிகழ்ச்சி தெளிவாகக் காட்டிற்று. உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியில் பிரதாப்கட், சுல்தான்பூர், ஜவுன்பூர் என்னும் மூன்று ஜில்லாக்களில் அவ்வாண்டு சில மாதங்களுக்குள் 76 குழந்தைகள் ஓநாயால் தாக்கப்பட்டனர். அவர்களில் ஏறக்குறைய 50 பேர் மாண்டனர். தேராதூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சேர்ந்த ஜாலா, சர்மா என்னும் இருவர் அவ்வூர்களுக்குச் சென்று ஒவ்வொரு சம்பவத்தையும் விசாரித்தார்கள். தாக்கப்பட்டவர் அனைவரும் குழந்தைகள். கைக்குழந்தையும் அதில் உண்டு, ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர் இல்லை. சம்பவங்கள் நடந்த இடங்களையும் நாட்களையும் ஒப்பிட்டுப் பார்க்கையில், பிரதேசத்து ஓநாய்கள் யாவும் கிளம்பியதாகத் தோன்றவில்லை. ஒரே கூட்டத்தின் வேலை என்றே கொள்ள இடமிருந்தது. காட்டிரை அருகிவிட்ட நாடு அது. ஆடுமாடுகளுக்குக் காவல் உண்டு. ஏழை வீட்டுக் குழந்தைகளோ, தாய் தந்தையர் வேலைக்குப் போயிருக்க, வாசலிலும் வரப்பிலும் துணையின்றி இருந்தனர். ஆட்டுக்குட்டிக்குக் குடாப்பு உண்டு, குழந்தைக்குக் கதவு இல்லை என்பதே அங்கு நிலைமை.

அந்நாட்களில் நிகழ்ந்த மற்றொரு கொடுமையைக் கிராமாதிகாரிகள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். குழந்தைகளை எடுப்பது ஓநாயன்று, ஓநாய் உருக்கொண்டு திரியும் மனிதனே என்று ஒரு வதந்தி கிளம்பிற்று. அதனை நம்பி, வழியே போன அயலூரார் சிலரை ஜனங்கள் அடித்தே கொன்றார்கள். ஒரு மரணம் எதனால் நேர்ந்தது என்பதை உடனே விசாரித்து ஊரறியச் சொல்லாவிடில், அவ்விடத்தை வதந்தி வந்து நிரப்பிக்கொள்ளும். அதற்குப் பலியானவர்கள் பெரும்பாலும் சாட்சி சொல்ல உறவினர் அருகில் இல்லாதவர்கள்.

அதே மாகாணத்தில், பஹ்ராயிச் ஜில்லாவின் மஹ்சி தாலூகாவில், 2024-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஓநாய்கள் மீண்டும் குழந்தைகளைத் தாக்கின, பலர் மாண்டனர். காக்ரா நதியின் வெள்ளத்தால் அவற்றின் வளைகள் மூழ்கியிருக்கலாம் என்பது ஒரு காரணமாகக் கூறப்பட்டது. ஆறு ஓநாய்கள் கொண்ட கூட்டம் என்று வன இலாகா அறிவித்து, ஐந்தினைப் பிடித்தது. ஆகாயத்தில் பறக்கும் யந்திரங்களைக் கொண்டும், கூண்டு வைத்தும், இராக்காவல் போட்டும் தேடினார்கள். இவையெல்லாவற்றிலும் நம் கருத்தில் பதிய வேண்டிய வேலை மிகச் சாதாரணமானது: கதவில்லாத வீடுகளைக் கணக்கெடுத்துக் கதவு போடும் வேலையும், இருண்ட இடங்களில் விளக்கு வைக்கும் வேலையும் அங்கு நடந்தன. எனினும் 2025-இலும் அந்த ஜில்லாவில் குழந்தைகள் சிலர் பலியாயினர்.

உலகம் முழுமையும் நோக்கினால், நார்வே தேசத்து இயற்கை ஆராய்ச்சி நிலையம் 2021-இல் ஒரு கணக்கு வெளியிட்டிருக்கிறது. 2002 முதல் 2020 வரை நம்பத்தக்க தகவல் கிடைத்தவற்றில், ஓநாயால் தாக்குண்டவர் 489 பேர்; அவர்களில் மாண்டவர் 26 பேர். அந்த 489 பேரில் 380 பேரைத் தாக்கியவை வெறி பிடித்த ஓநாய்கள். இரையென்று கருதித் தாக்கப்பட்டவர் 67 பேர். எஞ்சிய 42 பேர், ஆட்டைக் காக்கப் போரிட்டோ, வளையில் கைவிட்டோ, ஓநாயை மூலையில் மடக்கியோ கடிபட்டவர்கள். பல்லாயிரம் ஓநாய்கள் வாழும் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்த்து அக்காலத்தில் மாண்டவர் இருவரே. தக்காணத்தில் மராத்திய, கன்னட இடையர்களும் ஓநாயோடு ஒரே மேய்ச்சலில் வாழ்கின்றனர். அவர்களுக்கு நேரும் நஷ்டம் ஆட்டில்தான். எனவே ஓநாய் இருக்குமிடமெல்லாம் இவ்வபாயம் இல்லை. இரையற்ற நிலம், காவலற்ற குழந்தை, கதவற்ற வீடு ஆகிய மூன்றும் கூடுமிடத்திலேயே அது தலையெடுக்கிறது.

வெறியைப்பற்றிச் சற்று விரித்துச் சொல்லுவது அவசியம். வெறி பிடித்த ஓநாய் பசியால் வருவதன்று. பட்டப்பகலிலும் ஊருக்குள் புகுந்து, எதிர்ப்பட்ட பலரையும் கடித்துக்கொண்டே போகும். பெரியவர் சிறியவர் என்ற பேதம் அதற்கில்லை. முகத்திலும் தலையிலும் கடிக்குமாகையால் விஷம் மூளைக்கு விரைவில் ஏறும். நம் ஊர்களில் இக்காரியத்தை ஓநாய்க்குப் பதிலாக நாய் செய்கிறது. கடிவாயைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிஷம் ஓடும் நீரில் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். காயம் ஆழமாயிருந்தால் கடிவாயிலேயே செலுத்தும் மருந்தும் உண்டு, அதனைக் கேட்டுப் பெற வேண்டும். குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் ஏற்பட்ட பின் நெடுங்காலம் ஜனங்கள் வயிற்றில் பல நாள் ஊசி போட்டுக்கொண்டு வருந்தினார்கள். அந்தப் பழைய மருந்து இப்பொழுது இல்லை. தற்கால ஊசி நாலைந்து முறை கையில் போடுவது. வயிற்றூசிக்குப் பயந்து இன்னமும் பச்சிலைக்கும் மந்திரத்துக்கும் ஓடுகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது இல்லையென்றே சொல்லலாம்.

இனி மற்ற மிருகங்கள். ஓநாயைக் கண்டு அஞ்சும் நாம், கணக்கில் முதலில் நிற்பதைக் கண்டும் காணாமலிருக்கிறோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் மாண்டனர். ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். அவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். பாதிப்பேர் மழைக்காலத்தில் மாண்டவர்கள். பெரும்பான்மையோர் கிராமத்தில் வீட்டிலேயே உயிர் நீத்தவர்கள். யானையால் மாள்பவர் தேசம் முழுவதிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 500 பேர். புலியின் கணக்கு அதனினும் குறைவு. ஆனைமலைப் பகுதியில் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் அண்மை ஆண்டுகளில் சிறுத்தைக்கு இரையான குழந்தைகள் சிலர் உண்டு. அங்கும் பெரும்பாலும் அந்தி வேளை, தொழிலாளர் குடியிருப்பு, வாசலில் விளையாடிய குழந்தை. அதே வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் கைபேசிச் செய்தியாலும் சிவப்பு விளக்காலும் முன்னறிவிக்கும் ஏற்பாடு பலரைக் காத்திருக்கிறது.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே மாற்று மருந்து உண்டு. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்போர், 1978-இல் தொடங்கி வடநெம்மேலியில் நடந்துவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். கடித்த இடத்தைக் கீறுவதும், உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் தீங்கு. கடிபட்ட கால் அல்லது கையை அசைக்காமல், மாற்று மருந்து இருக்கும் வைத்தியசாலைக்கு வாகனத்தில் கொண்டுபோவதே செய்யத்தக்கது. பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசாங்கம் 2024-இல் விதித்திருக்கிறது.

நிலமுடையோர் இவ்விஷயத்தில் தமது வீட்டை மட்டும் நோக்கினால் போதாது. அவர்கள் வீட்டுக்குக் கதவும் விளக்கும் கழிப்பிடமும் உண்டு. அவர்களுடைய களத்தில் தங்கும் கூலியாளின் குடிசைக்குப் படலும் இராது. பம்புசெட்டுக் கொட்டகைக் காவலன் தரையில் படுப்பவன். இரவில் மின்சாரம் வரும் வேளையில் நீர் பாய்ச்சப் போகிறவனுக்குக் கைவிளக்கும் முழங்கால்வரை மூடும் செருப்பும் வாங்கிக் கொடுக்க ஆகும் செலவு, ஒரு மூட்டை உரத்துக்குச் செலவிடுவதற்கு மேல் பெரிதாகாது. குடிசைக்குள் ஒரு கட்டிலும் கொசுவலையும் கொடுத்தால், இரவில் வரும் கட்டுவிரியனுக்கு அது பெருந்தடை. அறுவடைக் காலத்தில் தாய்மாரெல்லாம் வயலில் நிற்கையில் சிறு குழந்தைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்க்க ஒரு முதியவளுக்குக் கூலி கொடுப்பது, காட்டோரக் கிராமங்களில் வீண்செலவு அன்று.

காட்டுப்பன்றிக்கென்று வேலிக் கம்பியில் நேரே மின்சாரம் விடுகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சட்டத்துக்கு முற்றும் விரோதமான அக்கம்பியில் யானையும் மாள்கிறது. இருட்டில் நடந்து வரும் பக்கத்து நிலத்துக்காரனும், சில வேளை கம்பி கட்டியவன் வீட்டாருமே மாள்கிறார்கள்.

கிராமாதிகாரிகளுக்கு இரண்டொரு குறிப்பு. மிருகத்தால் மரணம் என்று செய்தி வந்தால், சுவடும் இரத்தக் கறையும் உள்ள இடத்தைக் கூட்டம் மிதிக்க விடாமல் ஆள் நிறுத்தி, வன இலாகாவுக்கும் போலீசுக்கும் உடனே தகவல் அனுப்ப வேண்டும். சவப் பரிசோதனை இன்றி அடக்கம் செய்துவிட்டால், மிருகம் இன்னதென்று தெரியாமற் போவதோடு, குடும்பத்தார் நிவாரணம் பெறுவதும் கடினமாகும். ஓநாய் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. மனித உயிருக்கு அபாயமானது என்று கண்டால் அதைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரம் முதன்மை வனவுயிரினக் காப்பாளருக்கு உண்டு. அவ்வுத்தரவு, எந்த மிருகம் என்ற சாட்சியத்தின்மேல் பிறப்பது. அச்சாட்சியம் முதல் நாளில் சுவடாகக் கிடக்கிறது. ஒரு மழை பெய்தால் அதுவும் போய்விடும்.