முன்னாள் முதல்வரின் குற்றத்தை இந்நாள் முதல்வர் மன்னிக்க முடியுமா? ஸ்ரீவில்லிபுத்தூர் வழக்குகளும் சிறிமாவோ கதையும்

வத்திராயிருப்பில் இருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் இறங்கிவிடலாம். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது இங்குதான். பட்டா மாறுதலுக்குச் சில ஆயிரம் வாங்கி லஞ்ச ஒழிப்புத்துறையிடம் சிக்கும் அரசு ஊழியர்களும் வாய்தா வாய்தாவாக நடப்பது இங்கேதான். இதே ஊர் நீதிமன்றத்தில்தான் இரண்டு அமைச்சர்கள் மீதான சொத்துக்குவிப்பு வழக்குகளும் முடித்து வைக்கப்பட்டு, பிறகு மீண்டும் உயிர் பெற்றன.

ஆட்சி மாறினால் போன ஆட்சிக்காரர்கள் மீது வழக்கு பாய்வதும், அவர்கள் திரும்ப வந்தால் அந்த வழக்கு காணாமல் போவதும் நமக்குப் புதிதல்ல. அதற்குப் பதிலாக, 'நடந்தது நடந்துபோச்சு, மன்னிச்சு விட்டுடலாம்' என்று ஆட்சியில் இருப்பவர் வெளிப்படையாகவே சொல்ல முடியுமா? சொன்னால் நல்லதா? உலகத்தில் சிலர் அப்படிச் செய்திருக்கிறார்கள். நமக்கு ரொம்பப் பக்கத்திலேயே, இலங்கையில், ஒரு கதை இருக்கிறது.

தண்டித்தவரே மன்னித்த கதை

சிறிமாவோ பண்டாரநாயக்க, உலகின் முதல் பெண் பிரதமர். 1977 தேர்தலில் அவரது கட்சி வெறும் 8 இடங்களுக்குச் சுருங்கியது. ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன, அடுத்த ஆண்டே சிறப்பு ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழுவுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார். சிறிமாவோ அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று அந்த ஆணைக்குழு சொன்னது. 1980 அக்டோபரில் நாடாளுமன்றம் வாக்கெடுப்பு நடத்தி, அவரது குடியுரிமைகளை 7 ஆண்டுகளுக்குப் பறித்தது. எம்.பி. பதவியும் போனது.

இதனால் லாபம் யாருக்கு? 1982 ஜனாதிபதித் தேர்தலில் சிறிமாவோ நிற்கவே முடியவில்லை. அவர் கட்சியின் சார்பில் ஹெக்டர் கொப்பேகடுவ நின்றார், தோற்றார். ஜெயவர்த்தன மீண்டும் ஜனாதிபதி. அதன் பிறகு, 1986 ஜனவரி 1 அன்று, அதே ஜெயவர்த்தன சிறிமாவோவுக்கு மன்னிப்பு வழங்கி உரிமைகளைத் திருப்பிக் கொடுத்தார். தண்டனைக் காலம் முடிய இன்னும் இரண்டு வருஷம்கூட இல்லை.

பெருந்தன்மையா, கணக்கா? இரண்டும் இருக்கலாம். ஆனால் வரிசையைப் பாருங்கள். போட்டியாளர் களத்தில் இருந்தால் ஆபத்து என்ற நேரத்தில் தண்டனை, அந்தத் தேர்தல் முடிந்த பிறகு மன்னிப்பு. 1988ல் சிறிமாவோ ஜனாதிபதித் தேர்தலில் நின்று, பிரேமதாசவிடம் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். 1994ல் மகள் சந்திரிகா ஜனாதிபதியானதும் மறுபடி பிரதமர் ஆனார்.

ஃபோர்டு முதல் எஸ்ட்ராடா வரை

இந்த விஷயத்தில் எல்லோரும் சொல்லும் உதாரணம் அமெரிக்கா. வாட்டர்கேட் ஊழலில் 1974 ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகினார். சரியாக 30 நாள் கழித்து, செப்டம்பர் 8 அன்று, அடுத்து வந்த ஃபோர்டு அவருக்கு முழு மன்னிப்பு கொடுத்தார். விசாரணையே தொடங்கவில்லை, அதற்குள் மன்னிப்பு. ஃபோர்டின் பத்திரிகைச் செயலாளரே எதிர்ப்புத் தெரிவித்து ராஜினாமா செய்தார். மக்கள் செல்வாக்கு மளமளவெனச் சரிந்தது. பதவிக்கு பதில் மன்னிப்பு என்று பேரம் நடந்ததா என்று நாடாளுமன்றக் குழுவே கேட்டது. ஃபோர்டு நேரில் ஆஜராகி, அப்படி எதுவும் இல்லை என்றார். 1976 தேர்தலில் தோற்றார். 2001ல் அதே முடிவுக்காக, கென்னடி பெயரிலான துணிச்சல் விருது அவருக்குக் கொடுக்கப்பட்டது. அதற்குள் 27 வருஷம் ஓடிவிட்டது.

தென் கொரியா கதை வேறு மாதிரி. முன்னாள் ராணுவ ஆட்சியாளர் சுன் டூ-ஹ்வானுக்கு 1996ல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு ஆயுளாகக் குறைந்தது. 1997 டிசம்பரில் மன்னிப்பு கிடைத்து வெளியே வந்தார். அதற்கு ஒப்புக்கொண்டவர்களில் ஒருவர், அப்போதுதான் ஜனாதிபதியாகத் தேர்வாகியிருந்த கிம் டே-ஜங். 1980ல் சுன்னின் ராணுவம் மரண தண்டனை விதித்த அதே கிம்! பாதிக்கப்பட்டவரே மன்னிக்கும்போது கேள்வி கேட்பது கடினம்தான். ஆனால் குவாங்ஜூவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களிடம் யார் கேட்டார்கள்? மன்னிப்பு பெற்ற சுன், 2021ல் இறக்கும்வரை அந்தக் குடும்பங்களிடம் மன்னிப்பு கேட்கவில்லை.

பிலிப்பைன்ஸில் எஸ்ட்ராடா பதவியிழந்தபோது நாற்காலியில் அமர்ந்தவர் அரோயோ. 2007 செப்டம்பரில் எஸ்ட்ராடாவுக்கு ஊழல் வழக்கில் ஆயுள் தண்டனை. அடுத்த மாதமே அரோயோ மன்னிப்பு கொடுத்தார். இனி தேர்தலில் நிற்கமாட்டேன் என்று எஸ்ட்ராடா உறுதி சொன்னதாக அந்த ஆணையிலேயே எழுதப்பட்டிருந்தது. 2010 ஜனாதிபதித் தேர்தலில் அவர் நின்று இரண்டாம் இடம் பிடித்தார். 2013ல் மணிலா மேயரே ஆகிவிட்டார்!

இங்கே யார் மன்னிக்கலாம்?

அரசியல் சாசனத்தின் 72வது பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161வது பிரிவு ஆளுநருக்கும் மன்னிப்பு அதிகாரம் தருகிறது. கையெழுத்து ஆளுநருடையது, முடிவு மாநில அமைச்சரவையுடையது. பேரறிவாளன் வழக்கில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அதாவது, முன்னாள் முதல்வர் ஒருவருக்குத் தண்டனை கிடைத்தால், அதைக் குறைக்கச் சொல்லி பரிந்துரைக்கும் இடத்தில் இந்நாள் முதல்வர்தான் இருப்பார்.

ஆனால் இஷ்டத்துக்குக் கொடுத்துவிட முடியாது. ஆந்திராவில் காங்கிரஸ் பிரமுகர் ஒருவருக்கு ஆளுநர் கொடுத்த தண்டனைக் குறைப்பை 2006ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சாதி, மதம், கட்சி பார்த்து மன்னிப்பு கொடுக்கக்கூடாது என்றது. 'நல்ல காங்கிரஸ் தொண்டர்' என்று ஃபைலில் எழுதப்பட்டிருந்ததையே நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள்.

தமிழ்நாட்டில் எந்த முதல்வரும் தனக்கு முன்பு இருந்தவருக்கு இந்த வழியில் மன்னிப்பு வாங்கித் தந்ததில்லை. 1996 டிசம்பரில் ஜெயலலிதா கைது, 2001 ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைது என்று நம்மூர் அரசியல் எதிர்த் திசையில்தான் ஓடியது. பெரும்பாலான வழக்குகளில் மன்னிப்புக்குத் தேவையும் வரவில்லை. காரணம், தண்டனை வரை வழக்கு போனால்தானே மன்னிப்பு?

சத்தமில்லாத மன்னிப்பு

வழக்கைப் பாதியிலேயே கைவிட சட்டத்தில் வழி உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321வது பிரிவு, இப்போதைய பி.என்.எஸ்.எஸ். 360. அரசு வழக்கறிஞர் கேட்டு, நீதிமன்றம் சம்மதித்தால் வழக்கு வாபஸ். பீகாரில் ஜெகந்நாத் மிஸ்ரா மீதான வழக்கை அவரே முதல்வராக இருந்தபோது அவரது அரசே வாபஸ் கேட்டது. உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 1986ல் 3-2 என்ற கணக்கில் அதை அனுமதித்தது.

அந்தக் கதவு இப்போது பாதி மூடியாச்சு. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், முன்னாள்கள் மீதான வழக்குகளை உயர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாபஸ் வாங்கக்கூடாது என்று 2021 ஆகஸ்ட் 10 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அப்போ மிச்சம் இருக்கும் வழி? கூடுதல் விசாரணை. குற்றப்பத்திரிகை போட்ட அதே லஞ்ச ஒழிப்புத்துறை, 'மறுபடி விசாரித்தோம், குற்றம் தெரியவில்லை' என்று புதிய அறிக்கை தருவது. இங்கேதான் ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறது.

கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், தங்கம் தென்னரசு இருவரும் 2006-11 திமுக ஆட்சியில் அமைச்சர்கள். அதிமுக ஆட்சிக்கு வந்ததும் இருவர் மீதும் சொத்துக்குவிப்பு வழக்கு பதிவானது. ராமச்சந்திரன் தரப்பு மீது சுமார் 44 லட்சம் ரூபாய், தென்னரசு தரப்பு மீது சுமார் 76 லட்சம் ரூபாய். 2021ல் திமுக மீண்டும் வந்தது, இருவரும் மீண்டும் அமைச்சர்கள். அடுத்து வழக்குகளை முடிக்கச் சொல்லும் அறிக்கைகள் வந்தன. 2022 டிசம்பரில் தென்னரசுவையும், 2023 ஜூலையில் ராமச்சந்திரனையும் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் விடுவித்தது.

2023 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமாக முன்வந்து இரண்டையும் கையில் எடுத்தார். ஒரு வருஷம் கழித்து, 2024 ஆகஸ்ட் 7 அன்று, விடுதலை உத்தரவுகளை ரத்து செய்து, குற்றச்சாட்டு பதிவு செய்து விசாரிக்கச் சொன்னார். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு இடைக்காலத் தடை போட்டது. கூடுதல் விசாரணை சட்டம் தரும் உரிமைதான் என்பது அமைச்சர்கள் தரப்பு வாதம். இருவரையும் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இது ஒரு கட்சி விவகாரமும் இல்லை. முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் மீது 2006ல் திமுக ஆட்சியில் வழக்கு வந்தது. அதிமுக திரும்பியதும், 2012 டிசம்பரில் சிவகங்கை நீதிமன்றத்தில் அவர் விடுவிக்கப்பட்டார். அதையும் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2024 அக்டோபரில் ரத்து செய்தார். அதற்கும் அடுத்த மாதமே உச்ச நீதிமன்றத்தில் தடை.

எது பரவாயில்லை?

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. போட்ட வழக்கே பழிவாங்கல் என்றால், அதை இழுத்துக்கொண்டே போவதும் அநியாயம்தான். ஆனால் மறுவிசாரணையில் உண்மை தெரிவது எப்போதும் சம்பந்தப்பட்டவரின் கட்சி ஆட்சியில் இருக்கும்போதுதானா என்பதுதான் உறுத்தும் கேள்வி.

ஃபோர்டு செய்தது சரியோ தப்போ, அது அவர் பெயரில், அவர் கையெழுத்தில், டிவியில் நாடே பார்க்க நடந்தது. கேள்வி கேட்க ஆள் இருந்தார், தேர்தலில் விலையும் கொடுத்தார். அறிக்கை மாறி வழக்கு முடியும்போது அப்படி யாரும் பொறுப்பேற்பதில்லை. மன்னித்தது யார் என்று கேட்டால் விசாரணை அதிகாரி என்றுதான் பதில் வரும்.

வாக்காளர் கண்ணுக்குத் தெரிவதிலும் வித்தியாசம் இருக்கிறது. வேட்புமனுவோடு தரும் படிவம் 26ல் நிலுவை வழக்குகளையும் தண்டனைகளையும் வேட்பாளர் எழுதியாக வேண்டும். மன்னிப்பு வாங்கியவர் என்றால், அவர் பெயரில் ஒரு தீர்ப்பு முன்னாடியே வந்திருக்கும். விடுவிக்கப்பட்ட வழக்கு நிலுவைப் பட்டியலில் இடம்பெறாது. செல்போனில் அந்தப் படிவத்தை இறக்கிப் பார்க்கும் வத்திராயிருப்பு வாக்காளருக்கு அப்படி ஒரு வழக்கு இருந்ததே தெரியாது.